வயதே ஏறாத வீடு

அத்தியாயம் 9

கரித்துண்டால் பொய் சொல்ல முடியாது. அதற்கு வாய் கிடையாது. வாய் உள்ள யாரோ அதன் பெயரைச் சொல்லிப் பொய் சொல்லியிருக்கிறார்கள் என்று பல்கலைக்கழகம் முடிவு கட்டிவிட்டது. அந்த யாரோ, எஸ்கில் என்ற அறுபத்து நான்கு வயது அகழ்வாய்வுப் பேராசிரியர். மூன்று மாதமாக என்ன கேட்டாலும் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வந்தது.

"எழுதினது நான். பொறுப்பு என்னோடது."

திங்கட்கிழமை விசாரணைக் குழு கூடுகிறது. அங்கேயும் இதையே சொன்னாரானால் பட்டம் போகும், கட்டுரைகள் போகும், முப்பது வருடம் சேர்த்த பெயரும் போகும். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

காலை ஒன்பதரை மணிக்கு, டிசம்பர் மழையில் நனைந்தபடி, துப்பறிகிறவளான சோல்வை, பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தின் படி ஏறினாள். கொலை, கொள்ளையெல்லாம் அவள் வழக்கில்லை. கட்டுரை திருடுகிறவர்கள், எண்களைத் திருத்துகிறவர்கள், எலியே இல்லாமல் எலிச் சோதனை நடத்துகிறவர்கள், இவர்களைத்தான் அவள் பதினேழு வருடமாகத் துரத்திக்கொண்டிருந்தாள். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவன் யெப்பே, அவளுடைய உதவியாளன். நாற்பத்தாறு வயது. முன்பு மென்பொருள் கம்பெனியில் பிழை கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தான். முதலாளியின் பேச்சிலும் பிழை கண்டுபிடித்ததால் வேலை போனது.

"மூணாவது மாடி. லிஃப்ட் ரிப்பேர்," என்றான் யெப்பே. "அணுவை எண்ணத் தெரிஞ்சவங்களுக்கு ஒரு லிஃப்டைச் சரி பண்ணத் தெரியலை."

"வாயைக் குறைச்சா மூச்சு மிஞ்சும்."

மெரெத்தே கதவருகிலேயே காத்திருந்தாள். கரியின் வயதை அளக்கும் இயற்பியலாளர். எஸ்கில் மீது புகார் கொடுத்தவளும் அவள்தான். புகார் கொடுத்தவர்கள் முகத்தில் சோல்வை வழக்கமாகப் பார்க்கும் திருப்தி இவள் முகத்தில் இல்லை. தூங்காத கண்கள்தான் இருந்தன.

ஒரு சின்ன பிளாஸ்டிக் பையை மேஜையில் வைத்தாள். உள்ளே விரல்நக அளவு கரி.

"வடக்கே கடற்கழி ஓரச் சதுப்புல தோண்டின வீட்டோட தூண்லேர்ந்து எடுத்தது. வீடு தீப்பிடிச்சு எரிஞ்சிருக்கு. நான் அளந்து, கையாலயே கணக்குப் போட்டேன். எரிஞ்சது கி.பி. 909. எஸ்கில் தன் கட்டுரையில போட்டிருக்கறது 980. எழுபத்தொரு வருஷம் தள்ளி."

"எதுக்குத் தள்ளணும்?" என்றாள் சோல்வை.

"980 வாக்குல ஒரு படை அந்த வழியாப் போச்சு, ஊரைக் கொளுத்தினது அவங்கதான்னு பத்து வருஷமா எழுதிட்டு வர்றார். கரி ஒத்துழைக்கலை. ஒத்துழைக்க வெச்சுட்டார்."

யெப்பே பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மேலே மையால் எண், குழி, எடுத்தவர் பெயர், தேதி எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது.

"தேதியை விட்டுட்டா எஸ்கில் குழிக்குள்ளேர்ந்தே கத்துவார்," என்றாள் மெரெத்தே. "'எப்பவும் இன்னைக்குத் தேதி! எத்தனை தடவை சொல்றது!' நான் மாணவியா இருந்தப்போ ரெண்டு கோடைக்காலம் அவர்கிட்ட மண் தோண்டினேன். வீட்டுல பால் பாக்கெட்டைப் பிரிச்சாக்கூட இன்னும் மேல தேதி எழுதறேன். அந்த மனுஷன் போய்த் தேதியைத் திருத்தினார்னா..."

அவளால் அதற்கு மேல் பேச முடியவில்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிடித்த ஆசிரியர் மீது புகார் எழுதுவது எப்படி இருக்கும் என்று சோல்வை யோசித்தாள். யோசிக்கவே பிடிக்கவில்லை.

* * *

இந்த வழக்கைச் சோல்வையிடம் கொண்டுவந்தவர் எஸ்கிலின் மனைவி தோரா. கணவருக்குத் தெரியாமல் நேற்று பஸ் பிடித்து வந்திருந்தார். கையில் எஸ்கிலின் பழைய மடிக்கணினி, ஒரு துணிப்பை நிறைய காகிதம்.

"அவருக்குப் பொய் சொல்ல வராது," என்றார் தோரா. "பிறந்தநாள் பரிசைக்கூட முதல் நாளே உளறிடுவார். ஆனா இதுல வாயே திறக்க மாட்டேங்கறார். எங்க வில்லாஸ் இருந்திருந்தா அப்பாவைப் பேச வெச்சிருப்பான்."

வில்லாஸ் அவர்களின் ஒரே மகன். நான்கு வருடத்துக்கு முன், அக்டோபர் 18 காலையில், சைக்கிளில் வேலைக்குப் போனவனை வலப்பக்கம் திரும்பிய லாரி அடித்துவிட்டது. இருபத்தொன்பது வயது.

"முந்தின நாள் மத்தியானம் அப்பாவுக்குப் போன் பண்ணியிருக்கான். எனக்குத்தான் முதல்ல அடிச்சான், நான் பல் டாக்டர்கிட்ட இருந்தேன், எடுக்கலை. 'அம்மாவுக்கு முதுகு வலி எப்படி இருக்கு, அவங்களை பாரம் தூக்க விடாதீங்க'ன்னு சொன்னானாம். அதுதான் கடைசி." தோரா துணிப்பையின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார். "நான் எடுக்காம போனாலும் என்னைத்தான் கேட்டிருக்கான். தூக்கம் வராதப்போ அதைச் சொல்லிப் பார்த்துப்பேன்."

அந்தக் காகிதப் பையைத்தான் இப்போது, ஆய்வுக்கூடத்துக்கு எதிரிலிருந்த பேக்கரியில், யெப்பே மேஜையில் கொட்டினான். எஸ்கில் ஒவ்வொரு வருடமும் நகராட்சிக்கு அனுப்பிய அறிக்கைகளின் நகல்கள். இடம் தோண்ட அனுமதி கொடுத்த நகராட்சிக்கு வருடா வருடம் எழுதித்தான் ஆகவேண்டும். யாரும் படிப்பதில்லை. அனுப்பிய கவரிலேயே திரும்பி வந்ததுபோல எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன.

"நகராட்சியில படிச்சிருந்தா நமக்கு வேலையே இருந்திருக்காது," என்றான் யெப்பே, கறுப்பு ரொட்டியில் ஈரல் விழுதைத் தடவிக்கொண்டே. "இதோ 2020. 'எரிந்த வீடு, கி.பி. 979.'"

"கட்டுரையில 980ன்னாங்களே."

"அது 2021ல வந்த கட்டுரை. 2021 அறிக்கையிலயும் 980தான். 2022..." அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். "981."

"அதே வீடா?"

"அதே வீடு, அதே தூண், அதே கரி. ஒவ்வொரு வருஷமும் ஒரு வருஷம் நகருது. மோசடிக்காரன் இப்படியா பண்ணுவான்? திருத்தறதுன்னா ஒரு தடவை திருத்திட்டுப் போவான். இது எங்க அத்தை மாதிரி இருக்கு."

"உங்க அத்தை எங்கே வந்தாங்க இதுல?"

"எந்த வருஷம் கேட்டாலும் நாப்பத்தொம்போது வயசுதான் சொல்வாங்க. பிறந்த வருஷத்தை மட்டும் ஒண்ணொண்ணாத் தள்ளிக்கிட்டே வந்தாங்க. கடைசியில தம்பிக்குத் தங்கச்சி ஆயிட்டாங்க."

சோல்வை சிரிக்கவில்லை. காகித நாப்கினை இழுத்துக் கழித்தல் கணக்குப் போட்டாள். 2020இல் 979 போனால் 1041. 2021இல் 980 போனால் 1041. 2022இல் 981. மறுபடியும் 1041.

"யெப்பே, இந்த வீட்டுக்கு வயசே ஏறலை."

அங்கிருந்தபடியே மெரெத்தேவைப் போனில் பிடித்தாள். "நீங்க கரியை அளந்து எஸ்கிலுக்கு அனுப்பின தாள்ல என்ன எழுதியிருந்தது?"

"வழக்கமா எழுதறதுதான். 'இன்றைக்கு முன் 1041 ஆண்டுகள்.' அதை கி.பி. வருஷமா மாத்தறது தோண்டறவங்க வேலை."

"எந்த இன்றைக்கு?"

"இது என்ன கேள்வி? 1950தான். எங்க தொழில்ல 'இன்று'ன்னா 1950. அதுக்கப்புறம் அணுகுண்டா வெடிச்சுக் காத்தையே கெடுத்துட்டாங்க, கணக்கு நிக்காது. அதனால எங்க கடிகாரம் அங்கேயே நின்னுடுச்சு. 1950ல 1041 போனா 909. இது எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்குமா?"

"கரியைத் தொடற எல்லாருக்கும்."

"கம்ப்யூட்டரைத் தொடறவங்களுக்கு? அவரோட 2020 அறிக்கையில 979, 2022ல 981ன்னு இருக்கு."

மறுமுனையில் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு மெரெத்தேவின் குரல், ஈனஸ்வரத்தில். "2021ல 1950 போனா எழுபத்தொண்ணு. கடவுளே. எங்கிட்ட அந்த ஒரு கட்டுரைதான் இருந்தது. மத்த ரெண்டையும் பார்த்திருந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்."

* * *

வடக்கே போகும் சாலையில் கார் ஓட்டியது சோல்வை. யெப்பே மடியில் எஸ்கிலின் கணினி. வருடத்தை மாற்றிக் கொடுக்கும் அந்த ப்ரோகிராமைத் திறந்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"சுத்தமா எழுதியிருக்கான், ராஸ்கல். நான் வேலை பார்த்த இடத்துல இப்படி எழுதறவன் ஒருத்தன் கிடையாது. இதோ, அந்த வரி. கம்ப்யூட்டரோட இன்றைய தேதியை எடு, வயசைக் கழி. அவ்வளவுதான். ஒவ்வொரு ஜனவரி ஒண்ணாம் தேதியும் வீடு ஒரு வருஷம் முன்னால நகரும்."

"யார் எழுதினது?"

"மேல பேர் இருக்கு." யெப்பே தொண்டையைச் செருமினான். "வில்லாஸ்."

வைப்பர் ரெண்டு தடவை போய் வந்தது. சோல்வைக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. தவறு செய்தது இறந்துபோன மகன். அப்பாவுக்காக, லீவு நாளில், ஆசையாகச் செய்து கொடுத்தது. அவன் பெயரில் ஒரு கரும்புள்ளி விழுவதைவிடத் தான் மோசடிக்காரனாக இருந்துவிட்டுப் போகலாம் என்று கிழவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

"வழக்கு முடிஞ்சுது," என்றாள். "சந்தோஷமா இல்லை."

"முடியலை." யெப்பேயின் குரலில் வழக்கமான குறும்பு காணாமல் போயிருந்தது. "அந்த வரிக்கு மேல இன்னொண்ணு இருக்கு. கம்ப்யூட்டர் படிக்காத வரி. அடுத்து வர்ற மனுஷங்களுக்காக எழுதி வெக்கிறது. ஓரமா நிறுத்துங்க, ஓட்டிக்கிட்டே கேக்காதீங்க."

சோல்வை பஸ் நிறுத்தத்தில் காரை ஒதுக்கினாள். யெப்பே படித்தான்.

"'எந்தத் தேதியிலிருந்து கழிக்க வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். எப்போதும் இன்றைய தேதி. அப்பா சொன்னது. 17 அக்டோபர், 14.12.'"

மழை காரின் கூரையில் தட்டிக்கொண்டிருந்தது. சோல்வைக்கு மெரெத்தேவின் பால் பாக்கெட் நினைவுக்கு வந்தது. அப்புறம் தோராவின் துணிப்பை, அதன் காதைத் தடவிய விரல்கள். அக்டோபர் 17. மத்தியானம். சாவதற்கு முந்தின நாள்.

"எஸ்கில் பொய் சொல்லியிருக்கார், யெப்பே," என்றாள் மெல்ல. "ஆனா தேதியில இல்லை."

* * *

மஞ்சள் செங்கல் வீடு. தோராவின் சைக்கிள் இல்லை, கடைக்குப் போயிருந்தார். எஸ்கில் கார் நிறுத்தும் கொட்டகையில், ஒரு மேஜையில் பானை ஓடுகளைப் பிரித்துப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பையிலும் தேதி எழுதினார். தான் யாரென்று சோல்வை சொன்னபோதும் அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"தோரா அனுப்பிச்சாளா? எழுதினது நான். பொறுப்பு..."

"அந்த வரியை எப்போ பார்த்தீங்க?" என்றாள் சோல்வை.

அவர் கையிலிருந்த ஓடு மேஜையில் விழுந்தது.

"செப்டம்பர்ல," என்றார். "புகார் வந்த அன்னிக்கே ப்ரோகிராமைத் திறந்து பார்த்தேன். அதுவரைக்கும் சந்தேகமே வரலை. 979, 980ன்னு அது சொன்னதும் எனக்கு ஒரே சந்தோஷம். நான் எதிர்பார்த்த எண் வந்தா நான் எதுக்கு ரெண்டாவது தடவை பார்க்கறேன்? அது என் தப்பு. அதுக்குத் தண்டனை கொடுத்தா வாங்கிப்பேன்."

"போன்ல என்ன நடந்தது?"

"குழியில தண்ணி ஏறிக்கிட்டிருந்தது. நாலு பேர் வாளியால இறைச்சுக்கிட்டிருந்தோம். போன் அடிச்சுது. 'அப்பா, எந்தத் தேதியை வெக்கணும்'னான். காத்துல பாதி கேக்கலை. நான் பைகளைப் பத்திக் கேக்கறான்னு நினைச்சேன். அவன் எந்தக் காலத்துல பையைத் தொட்டான்? அதைக்கூட யோசிக்கலை." எஸ்கில் கைகளைக் கோட்டில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "'எப்பவும் இன்னைக்குத் தேதி! எத்தனை தடவை சொல்றது!'ன்னு கத்திட்டு வெச்சுட்டேன். ஒரு நிமிஷம்கூட இல்லை. முட்டாள் பயல், அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அப்படியே எழுதி வெச்சுட்டான்."

யெப்பே வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அடுத்த நாள் ஆஸ்பத்திரியில தோரா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நேத்து உங்கிட்ட என்ன பேசினான்'னு கேட்டா. தேதி கேட்டான், நான் கத்தினேன்னு அவகிட்ட எப்படிச் சொல்ல? வாயில வந்ததைச் சொன்னேன். முதுகு வலின்னேன். என் வாழ்க்கையில நான் போலியாத் தயாரிச்சது அது ஒண்ணுதான். நாலு வருஷமா அவ அதைப் பிடிச்சுக்கிட்டு நடமாடறா. இந்த வரி வெளியில வந்தா தேதியும் நேரமும் சேர்ந்து வரும். அவ கணக்குப் போட்டுடுவா."

ஒதுங்கிப் போய்விடலாம் என்று சோல்வைக்கு உண்மையிலேயே தோன்றியது. காரை எடுத்துக்கொண்டு தெற்கே போய், ஒன்றும் கிடைக்கவில்லை என்று தோராவுக்கு ஒரு கடிதம் எழுதிவிடலாம். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"வில்லாஸ் இதை வேற யாருக்காவது கொடுத்தானா?"

"கொடுத்தது நான். அவன் போனப்புறம், அவன் பேர் நிக்கட்டும்னு பதினோரு அருங்காட்சியகத்துக்கு."

"அப்போ பதினோரு இடத்துல இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. இன்னும் மூணு வாரத்துல ஜனவரி ஒண்ணு. நீங்க சும்மா இருந்தா அவன் தப்பு வருஷா வருஷம் வளரும். என்னிக்காவது ஒருத்தர் கண்டுபிடிப்பாங்க. அப்போ அவன் பேரை மட்டும்தான் போடுவாங்க, நீங்க சொன்னதைப் போட மாட்டாங்க." சோல்வை கோட்டுப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். "இறந்தவர் எழுதினதை வெளியிட பெற்றோர் ரெண்டு பேரோட கையெழுத்தும் வேணும். உங்களுது மட்டும் போதாது."

வெளியே சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. எஸ்கில் எழுந்தார்.

"நீங்க சொல்ல வேண்டாம்," என்றார். "நானே சொல்றேன்."

சமையலறையில், கிறிஸ்துமஸ் வரை வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் அட்வென்ட் மெழுகுவத்திகள் நான்கில் ஒன்று மட்டும் பாதி எரிந்திருந்த மேஜைக்கு முன்னால், நின்றபடியே சொன்னார். பூசி மெழுகவில்லை. வாளி, மழை, கத்தியது, வைத்தது, ஆஸ்பத்திரி. தோரா கடைப்பையைக்கூட இறக்காமல் கேட்டார்.

"அப்போ என் முதுகைப் பத்தி அவன் கேக்கவே இல்லை."

"இல்லை."

"ஒரு வார்த்தைகூட."

"நான் பேச விடலை, தோரா. விட்டிருந்தா கேட்டிருப்பான்."

"அது உனக்குத் தெரியாது!" கடைப்பை மேஜையில் மோதி, ஒரு உருளைக்கிழங்கு உருண்டு தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. "நாலு வருஷம் எஸ்கில். நான் கேட்டப்போல்லாம் நீ அதைத் திரும்பச் சொன்னே. குரலைக்கூட அவனை மாதிரியே மாத்திச் சொன்னே. அதைச் சொல்லித்தானே நான் தூங்கினேன்."

எஸ்கில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தோரா அழுதார். யாரும் ஆறுதல் சொல்லப் போகவில்லை, போகக்கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடைசியில் அவரே முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதைக் காட்டுங்க," என்றார்.

யெப்பே கணினியை அவர் முன்னால் திருப்பி வைத்தான். தோரா அந்த இரண்டு வரியையும் பல தடவை படித்தார். 'அப்பா சொன்னது' என்ற இடத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தார்.

"இதுவாவது நிஜமா அவன் எழுதினது," என்றார். "படிவத்தைக் கொடுங்க."

கையெழுத்துப் போட்டார். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"எஸ்கில்," என்றார், நிமிராமலே. "எந்தத் தேதி போடணும்?"

எஸ்கிலின் வாய் திறந்தது. முப்பது வருடமாக நாக்கு நுனியிலேயே இருந்த பதில் அது. ஆனால் அவர் வாயை மூடிக்கொண்டார். ஈரக் கோட்டைக் கழற்றினார், எதிரிலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தார்.

"எதுக்குக் கேக்கறேன்னு முழுசாச் சொல்லு, தோரா," என்றார். "நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."